செகண்ட் ஹேண்ட் காரில் இன்ஜின் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர் பழைய கார் சந்தையில் அதிகம் கைமாறும் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. ஆல்ட்டோ, வேகன்-ஆர், ஸ்விஃப்ட், ஐ10, சான்ட்ரோ, ஹோண்டா சிட்டி, மாருதியின் 1.3 லிட்டர் டீசல் போன்றவை. பொதுவான முறைகள் மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் மேனுவலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போனபோது சத்தமே இல்லை. வாங்கி வந்த மறுநாள் காலையில் கடகடவென்கிறது. இது எப்படி?

நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பிஸ்டன் அலுமினியம். சூட்டில் விரிந்து சிலிண்டரோடு நெருங்கி உட்கார்ந்துவிட்டால் அதன் தட்டல் அடங்கிவிடும். டைமிங் செயினை (வால்வுகளை இயக்கும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டும் ஆயில் நிரம்பி இறுகியிருக்கும். இரவு முழுக்க நின்ற இன்ஜினில் இந்த இரண்டுமே நடந்திருக்காது. அதனால்தான் உண்மையான சத்தம் காலையில் போடும் முதல் ஸ்டார்ட்டில் வெளிவருகிறது.

இன்னொரு வழியும் உண்டு. தேய்ந்த இன்ஜினில் 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான ஆயிலையோ, கடையில் டப்பாவில் விற்கும் கெட்டிப்படுத்தும் மருந்தையோ ஊற்றினால் சில வாரங்களுக்குச் சத்தம் அமுங்கும். பொறுப்பாக முதல் சர்வீஸ் செய்து கம்பெனி சொன்ன ஆயிலை நீங்கள் ஊற்றியதும் மறைந்திருந்தது மேலே வரும். "சர்வீஸ் பண்ணினபிறகுதான் கெட்டுப்போச்சு" என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகும் பல வழக்குகளின் பின்னணி இதுதான்.

மெக்கானிக்கிடம் போகும் முன் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். மொத்தமே 3 லிட்டர் சுற்றி கொள்ளும் இன்ஜினில் ஒரு லிட்டர் குறைவது மூன்றில் ஒரு பங்கு. கீழ் கோட்டுக்கும் கீழே இருந்தால் வேறு எதையும் சோதிக்காதீர்கள். சரியான கிரேடை நிரப்பிவிட்டு மறுபடி கேளுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள். குளிர்ந்த இன்ஜினிலா, சூடானபிறகா? நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தாலும் வருகிறதா, ஓடும்போது மட்டுமா? ஏசி போட்டால் மாறுகிறதா? கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா? ஓடும்போது மட்டும் வந்து, நியூட்ரலில் உருளவிட்டாலும் தொடர்ந்தால் அது இன்ஜினே இல்லை. வீல் பேரிங், டயர், பிரேக் பக்கம் போங்கள். காலை முதல் ஸ்டார்ட்டை பானெட்டைத் திறந்து வைத்து போனில் பதிவு செய்யுங்கள். பட்டறைக்கு ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகிவிடும், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார் மெக்கானிக். அப்போது அந்தப் பதிவுதான் பேசும்.

எந்தச் சத்தம் வந்தால் ஓட்டக்கூடாது?

அடியில் இருந்து கனமாக, சுத்தியல் மரத்தில் அடிப்பது போல "டொக் டொக்" என்று வந்து, ரேஸ் கொடுத்தால் அதே வேகத்தில் கூடுவது. 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை ஏற்றி, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும் அந்த நொடியில் இது தெளிவாகக் கேட்கும். பட்டறையில் "பேரிங் அடிக்குது" என்பது இதைத்தான்: பிஸ்டனையும் கிராங்க் என்ற சுழல் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. சூடாகி ஆயில் இளகினால் இது கூடுமே தவிர குறையாது. டோ செய்துதான் எடுத்துப் போக வேண்டும். இப்போதைக்கு பேரிங் மாற்றி, கிராங்க் கெட்டிருந்தால் லேத்தில் அரைத்தால் போதும். பத்து கிலோமீட்டர் ஓட்டினால் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வரலாம்.

ஆயில் விளக்கு எரிந்தால் சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே அணையுங்கள். விளக்கு எரியவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை இயக்கும் ஆயில் ஸ்விட்ச், சுமார் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்த அளவு) கீழே பிரஷர் இறங்கினால்தான் விளக்கைப் போடும். அதற்குள் பேரிங் பட்டினி கிடந்திருக்கும்.

டைமிங் செயினோ பெல்ட்டோ கவரில் உரசும் சத்தம் நிற்காமல் வந்தாலும் ஓட்ட வேண்டாம். பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும்.

சத்தம் எந்த இடத்தில் இருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். முனையைப் பாகத்தின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வையுங்கள். வால்வ் கவர், டைமிங் கவர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், அடியில் ஆயில் தேங்கும் சேம்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். வேட்டி நுனி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

தாளத்தையும் எண்ணுங்கள். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி. ஒரே ஒரு வால்வ் தட்டினால் நொடிக்கு ஆறேழு தட்டு, நிதானமாகக் கேட்கும். கிராங்க் பக்கத் தட்டல் நொடிக்குப் பதின்மூன்று, எண்ணவே முடியாது. மேலே நிதானமான "டிக் டிக்" என்றால் பெரும்பாலும் சின்ன வேலை. கீழே வேகமான "டொக் டொக்" என்றால் பெரிய வேலை.

எந்த சிலிண்டர் என்று தெரிய, இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள் (பெட்ரோல் வண்டிகளில் மட்டும்). எதைக் கழற்றினால் சத்தம் குறைகிறதோ அந்த சிலிண்டரின் ராடு பேரிங் அல்லது பிஸ்டன்மேல் சந்தேகம். பழைய பழக்கத்தில் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்காதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும்.

ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி "கர்ர்" என்று வந்து நின்றுவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

உடனே பயம் வேண்டாம், ஆனால் விடவும் வேண்டாம். பெரும்பாலும் ஆயில் ஃபில்டர்தான். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வ் இருக்கும். வண்டி நிற்கும்போது ஆயில் திரும்ப சேம்பருக்கு வழிந்துவிடாமல் தடுக்கும். மலிவான போலி ஃபில்டரில் அந்த ரப்பர் விறைத்து ஆயிலை வழியவிட்டுவிடும், காலையில் பம்ப் புதிதாக நிரப்ப வேண்டியிருக்கும். அதுவரை டென்ஷனர் தளர்ந்து செயின் அடிக்கும். ஒரிஜினல் ஃபில்டரும் சரியான கிரேடு ஆயிலும் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால், அல்லது இரண்டு நொடி ஐந்து நொடியாக நீண்டால், செயின் அல்லது டென்ஷனர் தேய்ந்திருக்கிறது.

மேலே "டிக் டிக் டிக்". மெக்கானிக் டாப்பெட் செட்டிங் என்கிறார். அதுதானா?

இருக்கலாம். ஆனால் டாப்பெட்டையும் சேர்த்து இதே மாதிரி ஒலிக்கும் மூன்று விஷயங்கள் உண்டு. வால்வ் கவரைக் கழற்றும் முன் மற்ற இரண்டையும் விலக்கிவிடுங்கள்.

இன்ஜெக்டர்: மென்மையான, சீரான, தையல் மெஷின் போன்ற ஒலி. ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டரில் வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கேட்கும். இது இயல்பு. ஒன்றில் மட்டும் மந்தமாகக் கேட்டால் அந்த இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம்.

சைலன்சர் கசிவு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினில் இருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) கேஸ்கெட்டில் மயிரிழை கசிவு இருந்தால் அச்சு அசல் டாப்பெட் போலவே தட்டும். குளிரில் பலமாக, சூட்டில் இரும்பு விரிந்ததும் மெதுவாக. ஏற்றத்தில் அழுத்தினால் மறுபடி பலமாக. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கையுறை போட்டு, ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி பொத்தச் சொல்லுங்கள். முன்னால் "புஸ்" என்று சீறினால் கசிவுதான். இணைப்பில் கரிப்பொடி படிந்திருப்பதும் அடையாளம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏசி காற்றோடு உள்ளே வரும், மணமே இருக்காது.

இரண்டும் இல்லை என்றால் டாப்பெட். இதற்குள்ளும் வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. ஆல்ட்டோ 800-இன் பழைய எஃப்8டி, ஹோண்டா சிட்டியின் ஐ-விடெக் போன்றவற்றில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும்; ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஒரு மணி நேரத்தில் செட் செய்துவிடலாம். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், மேனுவலில் உள்ள அளவு வேண்டும், "கைப்பக்குவம்" வேண்டாம். சத்தமே இல்லாதபடி இறுக்கிவிடுவது பெரிய தப்பு. சூட்டில் தண்டு நீண்டு வால்வ் முழுக்க மூடாமல் போகும், எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்துவிடும். லேசாகத் தட்டும் டாப்பெட் வால்வைக் காப்பாற்றும். மாருதி கே-சீரிஸில் ஸ்க்ரூ கிடையாது. வால்வின் மேல் கிண்ணம் போன்ற டாப்பெட் உட்காரும். அளவு மாற்ற கேம் ஷாஃப்டையே கழற்றி வேறு தடிமன் உள்ளதைப் போட வேண்டும். "கே-சீரிஸ் வேகன்-ஆருக்கு அரை மணியில் டாப்பெட் செட்டிங்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள 1.3 டீசலில் செட்டிங் என்ற பேச்சே இல்லை. அங்கே தட்டினால் ஆயில் குறைவு, அழுக்கு, அல்லது டாப்பெட்டே போய்விட்டது.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் ஆயில் வழிகள் அதற்கேற்ற அளவில் குறுகலாக இருக்கும். கெட்டி ஆயில் காலையில் கேம் ஷாஃப்டுக்கும் டென்ஷனருக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். வால்வ் டைமிங்கை ஆயில் பிரஷரால் மாற்றும் இன்ஜின்களில் அந்த வேலையும் கெடும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு மேனுவலே அனுமதிக்கும் ஒரு படி கெட்டியான கிரேடு போடுவது வேறு விஷயம். அதில் தவறில்லை.

இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்க ஊற்றும் திரவம்) பற்றியும் கேட்பீர்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் தார் மாதிரி படிந்திருக்கும் வண்டியில் ஃப்ளஷ் ஊற்றாதீர்கள். படிந்தது மொத்தமாகப் பெயர்ந்து, சேம்பருக்குள் பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். நல்ல ஆயிலைப் போட்டு 1000 கிலோமீட்டரில் ஒரு முறை, மறுபடி 2000-இல் ஒரு முறை ஃபில்டரோடு மாற்றுங்கள். ரொம்ப மோசமென்றால் சேம்பரை இறக்கி வலையைக் கழுவுவதே வழி. இறக்கும்போது சேம்பரின் அடியையும் தடவிப் பாருங்கள். நம் ஊர் வேகத்தடையில் அடிபட்டு உள்வாங்கிய சேம்பர் வலையின் வாயை மூடிக்கொண்டு நிற்பது உண்டு.

காலையில், முக்கியமாக மழையில், "கீச்ச்" என்று கத்துகிறது.

ஃபேன் பெல்ட். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பல் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்று, சற்று நேரத்தில் திரும்ப வந்தால் ஏதோ புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்வு அல்லது டென்ஷனர் வீக். கத்தும் பெல்ட்டில் சோப்பு, மெழுகு, ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பெல்ட்டை மாற்றும்போது பழைய புல்லிகளை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

கீச்சு இல்லாமல் "ஊ..." என்று ஊளையிட்டு ஆர்பிஎம்மோடு ஏறினால் பேரிங்: ஆல்டர்னேட்டர், ஐட்லர், வாட்டர் பம்ப். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி பெல்ட் சுற்றும் பாகங்களில் ஒன்று. அதற்கு மேல் ஓட்டினால் பல வண்டிகளில் வாட்டர் பம்பும் நின்றிருக்கும், சூடேறிவிடும்.

ஏசி போட்டால் மட்டும் சத்தம் வருகிறது.

போட்டவுடன் ஒரு "டக்" வந்தால் கம்ப்ரஸர் கிளட்ச் பிடிப்பது, இயல்பு. தொடர்ந்து உறுமினால் கம்ப்ரஸர். ஏசியை அணைத்தும் கரகரத்தால் கிளட்ச் புல்லியின் பேரிங், அது தனியாகக் கிடைக்கும். முழு கம்ப்ரஸரையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். ஏசி போட்டதும் வண்டியே உதறினால் இன்ஜினைத் தாங்கும் மவுன்டிங் ரப்பர்.

வேகன்-ஆர் ஐடிலில் உதறுகிறது. இன்ஜின் போய்விட்டதா?

1 லிட்டர் கே10 மூன்று சிலிண்டர். கொஞ்சம் உதறுவது அதன் பிறவிக்குணம். நான்கு சிலிண்டர் ஸ்விஃப்டோடு ஒப்பிட வேண்டாம். முன்பைவிடக் கூடியிருந்தால் பிளக், காயில், த்ராட்டில் பாடி அழுக்கு, பிறகு மவுன்டிங் என்ற வரிசையில் பாருங்கள். ஒருவர் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து, முதல் கியரில் கிளட்சை லேசாக விட, மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். இன்ஜின் எகிறினால் மவுன்டிங் கிழிந்திருக்கிறது.

மேம்பாலம் ஏறும்போது "கலகல" என்று கண்ணாடிக் குண்டு உருளும் சத்தம்.

உயர்ந்த கியரில் அழுத்தினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. முதலில் கியரைக் குறையுங்கள். நின்றுவிட்டால் ஓட்டும் முறைதான் காரணம். நிற்காவிட்டால் தவறான ஹீட் ரேஞ்ச் பிளக், சிலிண்டரில் கரி, அதிகச் சூடு, இந்த வெடிப்பை உணரும் நாக் சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தகர ஒலியாக, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வந்தால் அது சைலன்சர் குழாயின் வெப்பத் தடுப்புத் தகடு. போல்ட் துளை துருப்பிடித்துப் போயிருந்தால், தகட்டையும் குழாயையும் சேர்த்து ஒரு ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்கினால் தீர்ந்தது.

1.3 டீசலில் செயின் சத்தம் என்கிறார்கள். செலவு வைக்குமா?

வைக்கும். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா டீசல்களில் இருப்பது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட். செயின் "ஆயுள் முழுக்க வரும்" என்று சொல்லப்பட்டாலும், ஆயில் மாற்றாமல் ஓடிய வண்டியில் நீண்டுவிடும், ஏனென்றால் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் இறுகுகிறது. சத்தம் டைமிங் கவர் பக்கம் பலமாக இருக்கும். மாற்றினால் செயின், கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும். கேமையும் கிராங்கையும் பூட்டும் டூல் இல்லாத பட்டறையில், பெயின்ட் குறி வைத்துச் செய்ய விடாதீர்கள்.

செயின் என்று முடிவு கட்டும் முன் இன்ஜெக்டரைப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் கடுமையாக அடித்து, கரும்புகையும் வந்தால் இன்ஜெக்டர்கள் திருப்பி விடும் டீசலை அளக்கும் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதிகமாகத் திருப்பி விடும் இன்ஜெக்டர் தேய்ந்தது. இன்ஜெக்டரைச் சுற்றி தார் போலக் கறுப்பாகப் படிந்து, "சுக் சுக்" என்று வந்தால் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிகிறது. உடனே செய்தால் வாஷர் விலையோடு போகும். விட்டால் அந்தத் தார் இறுகி இன்ஜெக்டரைப் பிடுங்கவே முடியாது.

டர்போவின் லேசான விசில் இயல்பு. சைரன் மாதிரி ஏறி, நீலப்புகையும் வந்தால் டர்போ ஷாஃப்ட் ஆடுகிறது.

கிளட்ச் மிதித்தால் சத்தம் மாறுகிறதே?

மிதிக்கும்போது வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலாவதுக்காக கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச் பிளேட்டையும் பாருங்கள், இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று சந்தேகம்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் பிற ஊர்களுக்கும் விலைபோயின. தண்ணீர் ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போனபோது ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கும். வண்டி ஓடும். ஆனால் அந்த பிஸ்டன் மேலே முழுக்க வராததால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) குறையும், தட்டலும் இருக்கும். ஆல்டர்னேட்டர், புல்லி பேரிங்குகள் ஒரே சமயத்தில் கரகரப்பதும் அடையாளம். சீட் தண்டவாளத் துரு, கார்ப்பெட் அடியில் சேறு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரியும் நீர்க்கறை இவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

"இன்ஜின் வேலை" என்று சொல்லிவிட்டார். ஒத்துக்கொள்ளும் முன் என்ன கேட்க வேண்டும்?

இரண்டு டெஸ்ட் ரிப்போர்ட். ஒன்று, ஆயில் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் மாட்டி எடுத்த பிரஷர். சூடான இன்ஜினில் ஐடிலில் சுமார் 1 பாராவது, ரேஸ் கொடுத்தால் ஏறவும் வேண்டும். இன்னொன்று, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்து எடுத்த கம்ப்ரஷன். பெட்ரோல் வண்டியில் 12 முதல் 14 பார் வரை நல்லது; சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 பாருக்கு மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்கும்போது ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வ். வால்வ் மட்டும் என்றால் ஹெட் வேலையோடு நிற்கும், முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை.

பழைய ஃபில்டரை வெட்டி மடிப்பில் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ மின்னும் துகள் பேரிங்கில் இருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் இருந்து முழு இன்ஜின் வாங்கி மாட்டும் யோசனை வந்தால் அதன் ரசீதும் முந்தைய வண்டியின் ஆவணமும் கேளுங்கள். நம்பர் ஆர்சியோடு பொருந்தாவிட்டால் ஆர்டிஓவில் பதிவை மாற்றாமல் ஓட்ட முடியாது.

விற்றவரிடம் பணம் கேட்க முடியுமா?

தனிநபரிடம் வாங்கியிருந்தால் கடினம். மறைத்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்களுக்குப் பதிவு அதிகாரியின் அங்கீகாரச் சான்று கட்டாயம், அதன் நகலைக் கேளுங்கள். வாரன்ட்டி இருந்தால், வெளியில் எதையும் பிரிக்கும் முன்பே எழுத்தில், தேதியோடு, அந்தக் காலைப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு நட்டைக் கழற்றியபிறகு போனால் "வெளியில கை வச்சுட்டீங்க" என்பதே முதல் பதிலாக வரும்.